எழுந்தேற்ற நேரத்தில் ஒரு சத்தம்

பூசையில் எழுந்தேற்ற நேரம்போல் அமைதியான நேரம் வேறில்லை. குருவானவர் அப்பத்தை உயர்த்திப் பிடிப்பார். பீடச்சிறுவன் மணியடிப்பான். சனம் முழுக்க முழந்தாளில் நிற்கும். மணி ஓய்ந்தபின் விசிறி சுற்றுவதுகூடக் கேட்கும். எங்களுடையது யாழ்ப்பாணத்துக் கரையோரக் கோயில், அதனால் கடற்காற்று பனைகளில் மோதுவதும் கேட்கும். சரியாக அந்த நேரத்தில்தான் என் தொண்டையிலிருந்து சத்தம் வரும். செருமலும் விக்கலும் சேர்ந்ததுபோல ஒன்று. சில மாதங்களில் அது ஒரு சின்னக் கூவலாக மாறிவிடும். கூடவே கழுத்து இடப்பக்கமாக வெட்டும்.

எனக்கு டூரெட் நோய். 1992 அளவில், ஏழு வயதில் தொடங்கியது. இப்போது நாற்பதைத் தொட்டுவிட்டேன், குணமாகவில்லை. குணமாகாத இந்த உடம்போடு ஞாயிறு தோறும் எங்கள் பங்குக் கோயிலுக்குள் இருக்கிறேன், வாசகம் வாசிக்கிறேன், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறேன். இப்படி எழுத முடிவதற்கு இருபது வருடத்துக்கு மேல் போனது. என்னைச் சுகப்படுத்திவிட வேண்டும் என்று துடித்த கிறிஸ்தவர்கள் நிறையப் பேரை அந்த வருடங்களில் கண்டேன். சுகமாகாவிட்டாலும் இவள் உள்ளே இருக்கட்டும் என்று நினைத்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரைப்பற்றி எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நோயைப்பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டூரெட் என்றதும் கெட்ட வார்த்தை கத்துகிற நோய் என்றுதான் பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அது பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு மட்டுமே வருவது. எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. கண் வெட்டுதல், முகம் சுழித்தல், கழுத்து வெட்டுதல், தோள் தூக்குதல், மூக்குறிஞ்சுதல், செருமுதல் இவைதான் பெரும்பாலோருக்கு. இந்த அசைவுகளையும் சத்தங்களையும் டிக் என்பார்கள். இரண்டு வகை அசைவும் ஒரு வகைச் சத்தமும் பதினெட்டு வயதுக்குமுன் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால் அது டூரெட். ஆண்பிள்ளைகளுக்குப் பெண்பிள்ளைகளைவிட மூன்று நான்கு மடங்கு கூடுதலாக வரும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட வயதில் உச்சத்துக்குப் போய், வளர வளரப் பலருக்குத் தணிந்துவிடும். எனக்குத் தணிந்தது, போகவில்லை. 1885 இல் பாரிஸில் ஜோர்ஜ் ஜில் த லா டூரெட் என்ற வைத்தியர் இப்படிப்பட்ட ஒன்பது பேரைப்பற்றி எழுதினார். அவருடைய ஆசான் ஷார்க்கோ நோய்க்கு மாணவனின் பெயரையே வைத்தார்.

மற்றவர்களுக்கு விளங்கவைக்கக் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. டிக் தானாக வருவது என்று சொல்கிறோம். ஆனால் சிறிது நேரம் அதைப் பிடித்துவைக்கவும் முடியும். எனக்குக் காதுக்குக் கீழே, கழுத்தின் இடப்பக்கத்தில் முதலில் ஒரு இறுக்கம் ஏறும். அது ஏற ஏற வேறு எந்த நினைவும் தலைக்குள் நிற்காது. வெட்டியபிறகுதான் இறங்கும். இறங்கிய கையோடு திரும்ப ஏறத் தொடங்கும். கண் இமைக்காமல் ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். முடியும். ஆனால் அந்த ஒரு நிமிடமும் நீங்கள் செபிக்க மாட்டீர்கள், பிரசங்கம் கேட்க மாட்டீர்கள், இமையைத்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் அடக்கிக்கொண்டு கண்ட பூசைகள் எல்லாம் அப்படிப் போனவை.

அடக்க முடியும் என்பதால்தான் சின்ன வயதில் எனக்கு அது பாவமாகத் தெரிந்தது. முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, எடுத்த வருடம் அது. பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டு, தங்கச்சிக்கு அடித்ததையும் தோடம்பழம் களவெடுத்ததையும் சொல்லிவிட்டு, "பூசையிலை முகத்தை வலிச்சனான் சுவாமி" என்றேன். எங்கள் பங்கில் அப்போது வயதான சுவாமி ஒருவர் இருந்தார்.

"வேணுமெண்டோ செய்தனீ?"

"இல்லைச் சுவாமி. தானா வருது."

"அப்ப அது பாவமில்லை. மற்றதைச் சொல்லு."

சாவான பாவம் என்றால் காரியம் கனமானதாக இருக்க வேண்டும், முழு அறிவும் முழுச் சம்மதமும் இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் பழைய போதனை. சம்மதம் இல்லாத இடத்தில் பாவம் இல்லை. எட்டு வயதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அடுத்த முறையும் அதே பாவத்தைச் சொன்னேன், அதற்கடுத்த முறையும் சொன்னேன். அவர் ஒருமுறையாவது சலித்துக்கொண்டதில்லை. "அது பாவமில்லை, மற்றதைச் சொல்லு" என்ற அந்தக் குரலில் இருந்த அவசரம் இப்போதும் காதில் இருக்கிறது. வைத்தியப் பட்டம் எதுவும் இல்லாத அந்தக் கிழவருக்கு என் நோயின் நடுப்புள்ளி விளங்கியிருந்தது.

வெளியில் வேறு கதை. பள்ளிக்கூடத்தில் பழிப்புக் காட்டுகிறாள் என்று அடி விழுந்தது. ஊரில் கண்ணூறு என்றார்கள், செய்வினை என்றார்கள். அம்மம்மா கத்தோலிக்கத்தியாக இருந்தும் பார்வை பார்க்கிற ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனா. பாசையூர் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தா. மடு மாதா கோயிலிலிருந்து வந்த யாரோ கொடுத்த மண்ணைக் கரைத்துக் கழுத்தில் பூசினா. பாம்புக்கடிக்கு மடுமண் பூசுவது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நஞ்சை இறக்கும் மண் இந்த வெட்டையும் இறக்காதா என்று அம்மம்மா நினைத்தா. அவவில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மின்சாரம் இல்லாமல், மருந்து வருவதே பெரும்பாடாக இருந்த யாழ்ப்பாணத்தில் அவவுக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து என் கழுத்தில் வைத்தா.

1995 இல் எனக்குப் பத்து வயது. அந்த வருடம் ஆடி (யூலை) 9 ஆம் திகதி, நவாலியில் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஐப்பசி (ஒக்டோபர்) 30 இரவு, வலிகாமத்தில் இருந்த எல்லோரோடும் சேர்ந்து நாங்களும் மழையில் நனைந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். தென்மராட்சியில் எங்களுக்குக் கிடைத்த இடமும் ஒரு கோயில்தான். வாங்குகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, நிலத்தில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருந்தோம். பிளேனுக்குப் பயந்து விளக்கு வைக்கவில்லை. கோயில் என்றால் குண்டு விழாது என்ற நம்பிக்கை நவாலியோடு போய்விட்டிருந்தது. ஆனாலும் வேறு கூரை எங்கே?

பயமும் நித்திரைக் குறைவும் டிக்கைக் கூட்டும். வயதும் அதன் உச்சத்தை நெருங்கும் வயது. இருட்டில், பிள்ளைகள் அழுது ஓய்ந்தபிறகு, என் சத்தம் மட்டும் எழும்பிக்கொண்டே இருந்தது. "அந்தப் பிள்ளையின்ரை வாயை ஆரும் பொத்துங்கோவன்" என்று ஒருவர் கத்தினார். அவரைக் குறைசொல்ல முடியாது. அவரும் வீட்டை விட்டு வந்தவர், அவருக்கும் நித்திரை வேண்டும். அம்மா என்னை எழுப்பிக்கொண்டு விறாந்தைக்கு வந்தா. தூவானம் அடிக்கும், சீலையால் மூடிக்கொண்டு இருப்போம். பல இரவுகள் அப்படிப் போயின.

ஒரு இரவு, எங்களுக்கு முன்பின் தெரியாத ஆச்சி ஒருவர் வெளியே வந்து அம்மாவைப் பார்த்து, "பிள்ளையைக் குளிருக்குள்ளை வைச்சிருக்காதை, உள்ளுக்குக் கூட்டிவா" என்றா. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தா. "எனக்குத் தெரியும், வா" என்று ஆச்சி முன்னால் போனா. போய்ப் பாயில் சம்மணம் கொட்டி இருந்து, மடியில் இருந்த செபமாலையை எடுத்து, உரத்த குரலில் தொடங்கினா. பக்கத்துப் பாய்க்காரி பதில் சொன்னா. கொஞ்ச நேரத்தில் அந்த மூலை முழுக்கப் பதில் சொன்னது. "சத்தமாச் சொல்லு பிள்ளை" என்று எனக்கும் சொன்னா. நானும் சொன்னேன். எல்லோரும் ஒரே தாளத்தில் சொல்லும்போது என் கழுத்தின் இறுக்கம் மெல்ல இறங்கியது. இடையில் வந்த சத்தமும் செபத்துக்குள் போய்விட்டது. தாளத்தோடு செய்கிற வேலையில் மனம் போய்விட்டால் டிக் குறையும் என்று பிறகு ஒரு டொக்டர் எனக்குச் சொன்னார். ஆச்சி அதற்காகத் தொடங்கவில்லை. என் சத்தம் தனியாகக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் அவவின் எண்ணம். அடுத்த வாரம் அவவின் குடும்பம் கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டது. பெயரைக் கேட்டுவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

1996 இல் திரும்பி வந்தோம். 2002 இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தபிறகுதான் கொழும்புக்குப் போய் ஒரு நரம்பியல் டொக்டரைக் காண முடிந்தது. அதற்கு முன்னர் ஊரில் கிடைத்த குளிசை என்னை நாள் முழுக்கத் தூங்கவைத்தது, அவ்வளவுதான். கொழும்பு டொக்டர் ஸ்கான் படம் எதுவும் எடுக்கவில்லை. அம்மாவை முதல் நாளிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பெயரைச் சொல்லிவிட்டார். வேண்டாத அசைவைத் தடுத்து வேண்டியதை மட்டும் விடுகிற ஒரு சுற்று மூளைக்குள் இருக்கிறது, அது உங்களுக்குச் சரியாகத் தடுப்பதில்லை என்றார். வளர்ப்பாலும் பயத்தாலும் வந்த நோய் இல்லை என்றார். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "நான் கர்ப்பமா இருக்கேக்கை ஏதும் பிழை விட்டனானோ டொக்டர்?" இல்லை என்று அவர் சொன்னதும் அம்மா அழுத அழுகை எனக்கு மறக்காது. பத்து வருடமளவில் அதை யாரிடமும் கேட்காமல் வைத்திருந்திருக்கிறா.

பெயர் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஊரில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பேய் எல்லோருக்கும் தெரியும். என் திருமணப் பேச்சு தொடங்கிய காலம் வேறு. பெண்பார்க்க வருகிறவர்களுக்குமுன் முகத்தை அடக்கிக்கொண்டு தேத்தண்ணி கொடுப்பதன் வேதனையைப்பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இந்த நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் எங்களைச் சுகமளிக்கும் செபக்கூட்டம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பெரிய கொட்டகை, ஒலிபெருக்கி, மேடை. என்னை மேடைக்கு ஏற்றினார்கள். இரண்டு மூன்று பேர் தலையிலும் தோளிலும் கையை அழுத்தினார்கள். அசுத்த ஆவியே வெளியே போ என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். கத்தக் கத்த டிக் கூடியது. ஆவி முரண்டு பிடிக்கிறது என்று இன்னும் கத்தினார்கள். அங்கிருந்து எப்படியாவது இறங்கிவிட வேண்டும் என்று முழுப் பலத்தையும் கூட்டி அடக்கினேன். கழுத்து நின்றது. சத்தம் நின்றது. "விடுதலை!" என்று கொட்டகை முழுக்கக் கைதட்டியது. ஒலிவாங்கியை என் வாய்க்கு முன் நீட்டிச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். மெல்லிய குரலில் ஸ்தோத்திரம் என்றேன். அம்மா கீழே நின்று அழுதுகொண்டிருந்தா. ஓட்டோவில் ஏறிய கையோடு எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தது. அன்றிரவு முழுக்க உடம்பு உதறியது.

அடக்குவதைச் சுகம் என்று எண்ணிவிடுவது எவ்வளவு சுலபம் என்பதை அந்த மேடையில் கண்டேன். அடுத்த கிழமை செய்தி போனபோது, பிள்ளைக்கு விசுவாசம் காணாது என்று சொல்லி அனுப்பினார்கள். நோயோடு சேர்த்து அதுவும் என் தலையில் வந்தது. சுகத்துக்காகச் செபிப்பதை நான் மறுக்கவில்லை, அம்மா இன்றும் எனக்காகச் செபிக்கிறா. செபம் பலிக்காவிட்டால் நோயாளியைக் குற்றவாளியாக்குகிற வழக்கத்தைத்தான் என்னால் ஏற்க முடியாது.

இது பழைய வழக்கம். 15 ஆம் நூற்றாண்டின் கடைசியில், சூனியக்காரரை வேட்டையாடுவதற்காக ஐரோப்பாவில் எழுதப்பட்ட இலத்தீன் நூல் ஒன்றில் ஒரு குருவானவரின் கதை வருகிறது. கோயிலைக் கடக்கும்போதும், மாதாவுக்கு முன் முழந்தாளிடும்போதும் அவருடைய நாக்கு தானாக வெளியே நீளுமாம். பேய் என்று சொல்லிப் பேயோட்டியிருக்கிறார்கள். அவருக்கு டூரெட் இருந்திருக்கலாம் என்று பிற்கால வைத்தியர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கதையை முதன்முதல் அறிந்தபோது நான் நினைத்ததெல்லாம், அவர் எந்த மனத்தோடு பீடத்தில் ஏறியிருப்பார் என்பதுதான். இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அம்மாவின் ஊர் மானிப்பாய். அங்கேதான் 1848 இல் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் டொக்டர் வந்து அமர்ந்து, எங்கள் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அவர் 1884 இல் இறந்தார், டூரெட்டின் கட்டுரை வருவதற்கு ஒரு வருடம் முன். உடம்பின் நோயை நோயாகப் பார்க்க இந்த மண்ணுக்குச் சொல்லித்தந்தவர்களில் கோயிலைச் சேர்ந்த ஆட்களும் இருந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நான் கோயிலுக்குள் போகவில்லை. ஞாயிறு பூசைக்கு வருவேன், வேப்பமரத்தடியில் நிற்பேன், ஒலிபெருக்கியில் கேட்பேன். நன்மை கொடுக்கும்போது கடைசி ஆளாகப் போய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். யாரும் என்னை வெளியே நிற்கச் சொல்லவில்லை. யாரும் உள்ளே வா என்றும் சொல்லவில்லை. இப்படி வருடங்கள் போயின, போரும் முடிந்தது.

போர் முடிந்து சில வருடங்களில் புதிதாக வந்த பாதர், பூசைக்கு முன் மரத்தடிக்கு வந்தார். என்னைப்பற்றி அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். என்ன நோய், எப்போது தொடங்கியது என்று ஒன்றும் கேட்கவில்லை.

"பூசையிலை உமக்கு எந்த நேரம் கஷ்டம்?"

"அமைதியா இருக்கிற நேரம், பாதர். எழுந்தேற்றம். நன்மைக்குப் பிறகு."

"அந்த நேரத்திலை சத்தம் வந்தா என்ன நடக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "எல்லாரும் திரும்பிப் பாப்பினம்" என்றேன்.

"கொஞ்ச நாளைக்குப் பாப்பினம். பிறகு விட்டிடுவினம். நீர் உள்ளுக்கு வந்து இரும்."

அவர் சொன்னதில் பாதிதான் நடந்தது. திரும்பிப் பார்த்தார்கள். சிலர் வாங்கு மாறி இருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு அக்கா எழும்பிப் போனபோது நானும் எழும்பப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ரீச்சர் என் முழங்கையைப் பிடித்து, "அவ பிள்ளைக்குப் பால் குடுக்கப் போறா. நீ இரு" என்றா. உண்மையில் அந்த அக்கா பால் கொடுக்கத்தான் போனா.

ஒருவர் மட்டும் பங்குப் பேரவைக்கு முறைப்பாடு கொண்டுபோனார். சனம் செபிக்க ஏலாமல் கிடக்குது என்று. பாதர் என்னைக் கூப்பிட்டு, சனத்துக்கு நான் சொல்லட்டோ, நீர் சொல்லுறீரோ என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். பிரசங்கத்துக்குப் பதிலாக ஐந்து நிமிடம் எனக்குத் தந்தார். இது நரம்பு நோய், தொற்றாது, பேய் இல்லை, நான் வேண்டுமென்று செய்வதில்லை, அடக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், அடக்கினால் வீட்டில் போய் இரட்டிப்பாக வரும், சத்தம் வந்தால் திரும்பிப் பார்க்காமல் உங்கள் செபத்தைத் தொடருங்கள் என்று சொன்னேன். சொல்லி முடிக்குமுன் பலமுறை சத்தம் வந்தது. யாருக்கும் விளக்கம் போதவில்லை என்று சொல்ல முடியாதபடி வந்தது.

முறைப்பாடு சொன்னவர் பிறகு என்னிடம் வந்தார். அவருடைய மனைவி புற்றுநோயோடு இருந்தா. அந்த அமைதியில்தான் அவர் அழுவார், வீட்டில் அழ முடியாது. அதைக் கேட்டபிறகு அவருடைய தேவையை என்னால் சின்னதாக எண்ண முடியவில்லை. ஞாயிறு பூசை எல்லோருடையது, அதில் நான் இருப்பேன். வியாழக்கிழமை மாலை நற்கருணை ஆராதனை ஒரு மணித்தியாலம் பேச்சே இல்லாத அமைதி. அதற்கு நான் பக்கத்துக் கெபியில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருப்பேன். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகத் தெரிந்துகொண்டேன். மரத்தடியில் நின்றதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் என்னைப்போல் வாழ்ந்தவர்களுக்கு விளங்கும். அவருடைய மனைவி இறந்தபோது செத்தவீட்டில் நானும் செபமாலை சொன்னேன். என் சத்தத்துக்கு அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

வாசகம் வாசிக்கக் கேட்டது ரீச்சர். முடியாது என்றேன். வசனத்தின் நடுவில் கழுத்து வெட்டினால் கண் வரியை விட்டுவிடும், திரும்பத் தேடி எடுப்பதற்குள் இன்னொரு வெட்டு வரும். "நான் பக்கத்திலை நிக்கிறன். வரியிலை விரலை வைச்சிருக்கிறன். ஏலாட்டி மிச்சத்தை நான் வாசிக்கிறன்" என்றா. மோயீசன் கதை அவவின் கையில் இருந்தது. எனக்குப் பேச வராது, நாக்குத் தடுமாறும் என்று மோயீசன் ஆண்டவரிடம் சொன்னபோது ஆண்டவர் அவருடைய நாக்கைத் திருத்தவில்லை, ஆரோனைக் கூட அனுப்பினார், போய்த் திரும்பப் படி என்று சொன்னா. எத்தனையோ பேர் எனக்கு வேதாகமம் எடுத்துச் சொன்னார்கள். என் உடம்பை அப்படியே விட்டுவிட்டு ஒரு வேலையைத் தந்த வசனத்தை அவதான் எடுத்துச் சொன்னா.

பாஸ்கா இரவில் செங்கடலைக் கடக்கும் வாசகம் எனக்கு வந்தது. அந்த இரவில் விடக்கூடாத வாசகம் அது, நீளமும் கூட. மூக்கால் மெதுவாக மூச்சு இழுத்துவிட்டு, நாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, கழுத்தை மெல்ல இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன். டிக் வரப்போகிறது என்று தெரிந்ததும் அதற்கு எதிரான ஒரு அசைவை வைத்திருக்கும் இந்தப் பயிற்சி எனக்குப் பாதியளவு உதவும். பார்வோனின் தேர்கள் வருமட்டும் போய்விட்டேன். பிறகு கழுத்து வெட்டியது, சத்தமும் வந்தது. திரும்பிப் பார்த்தால், மெழுகுதிரி வெளிச்சத்தில் ரீச்சரின் விரல் தாளில் இருந்தது. சுருங்கிய விரல், நகத்தோரம் மஞ்சள் படிந்திருந்தது, காலையில் மீன் கழுவியிருப்பா. விரல் காட்டிய சொல்லிலிருந்து தொடர்ந்தேன். இன்னொரு இடத்தில் என்னால் முடியவில்லை. அவ இரண்டு வசனம் வாசித்தா. அவவின் குரல் நிற்க என் குரல் தொடங்கியது. கடைசியில் "இது ஆண்டவரின் அருள்வாக்கு" என்று நான் சொல்ல, "இறைவனுக்கு நன்றி" என்று கோயில் வழக்கம்போலச் சொன்னது. வழக்கம்போல என்பதைத்தான் நான் அழுத்தி எழுதுகிறேன். யாரும் கைதட்டவில்லை.

தபசுகாலத்தில் பசாம், அதாவது யேசுவின் பாடுகளைச் சொல்லும் பாட்டு, படிக்க என்னைக் கூப்பிடுவார்கள். ஒப்பாரி இராகத்தில் இழுத்துப் பாடும்போது எனக்கு டிக் அநேகமாக வராது. "பாடேக்கை வரேல்லைத்தானே, அப்ப மற்ற நேரமும் நிப்பாட்டலாம்தானே" என்று கேட்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். பாட்டு முடிந்ததும் வரும், அதற்கு நான் பொறுப்பாளி இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன்.

அந்தப் பாதர் மாற்றலாகிப் போனார். குருமார் சில வருடத்துக்கு ஒருமுறை மாறுவது வழக்கம். அடுத்து வந்தவர் முதல் ஞாயிறு எழுந்தேற்றத்தில் என் சத்தம் கேட்டுத் தலைநிமிர்ந்து பார்த்தார். பூசை முடிந்து நான் பதறிக்கொண்டு, குருவானவர் உடுப்பு மாற்றும் சங்கீரிஸ்துப் பக்கம் போனபோது, மூப்பர் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது வெளியே கேட்டது: "அது எங்கடை பிள்ளை, பாதர். வாசகம் வடிவா வாசிப்பா." நான் உள்ளே போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். சொல்ல வேண்டியது எதுவும் மிச்சமிருக்கவில்லை.

போன வருடம் என் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பொடியன் சேர்ந்தான். எட்டு வயது. கண்ணை இறுக்கி இறுக்கி வெட்டுவான், மூக்கை உறிஞ்சுவான். தாய், கண் டொக்டரிடம் காட்டிக் கண்ணாடியும் போட்டாச்சு என்றா. சளிக்கு மருந்தும் கொடுத்தாச்சாம். எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது, ஆனால் பெயர் வைக்க நான் டொக்டர் இல்லை. பிள்ளைகளுக்கு டிக் வந்து சில மாதத்தில் போய்விடுவதும் உண்டு. பிள்ளையை ஏசாதீர்கள், "கண்ணை வெட்டாதை" என்று சொல்லச் சொல்லக் கூடும், பிள்ளைகள் டொக்டரிடம் காட்டுங்கள், வகுப்பு ரீச்சருக்கும் சொல்லிவையுங்கள் என்றேன். தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. "உங்களுக்கு இருக்கிறதோ இவனுக்கும்?" என்று கேட்டா. இருக்கலாம் என்றேன். ஒரு வருடம் கழிந்து அப்படித்தான் என்று டொக்டரும் சொல்லிவிட்டார்.

இந்த வருடம் அவனுக்கு முதல் நன்மை. மற்றப் பிள்ளைகளோடு அர்ச்சிக்காத அப்பத்தை வைத்துப் பழக்கினோம். இடக்கை மேலே, வலக்கை கீழே. பாதர் அப்பத்தைக் கையில் வைத்த நேரம் அவனுடைய தோள் வெட்டியது, அப்பம் நிலத்தில் விழுந்தது. அவன் முதலில் தாயைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்டைக்கும் விழுந்தா, பாதர்?"

"நான் குனிஞ்சு எடுப்பன். அது என்ரை வேலை. உன்ரை வேலை கையை நீட்டுறது."

திரும்பச் செய்து பார்த்தோம். சிலவேளை விழுந்தது, சிலவேளை விழவில்லை. மற்றப் பிள்ளைகள் தங்கள் முறைக்காக ஆளையாள் தள்ளிக்கொண்டு நின்றார்கள்.

வெளியே வந்தபிறகு தாய் கேட்டா, அன்றைக்கு எங்கே இருந்தால் நல்லது, கரையோரமாக ஒரு வாங்கில் இருக்கட்டோ என்று. பெயர் வரிசையில் எந்த வாங்கு வருகிறதோ அங்கேயே இருங்கள் என்றேன். வெள்ளைச் சேட்டு தைக்கக் கொடுத்தாச்சாம். தையற்காரரிடம் இன்றைக்கே போய்க் கழுத்தை அரை அங்குலம் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். இறுக்கமான கழுத்து டிக்கைக் கிளப்பும். மேல் பொத்தானைப் பூட்டவும் வேண்டாம், டையும் வேண்டாம்.